சர்க்கரை வாங்கியவள்

கணவன் சிகாமணிக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க மரகதவல்லி எப்போதோ மனதைத் தயார் செய்துவிட்டாள். ரத்தமும் பொருந்திவிட்டது. அனுமதிக் கையெழுத்து மட்டுமே பாக்கி.

அலுவலர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரேஷன், மின்சாரம், பேருந்து, ஆஸ்பத்திரி என்று அரசாங்கத்தின் எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகக் கோத்துக் காட்டிய திரையைத்தான் பார்த்தார்.

“பதினெட்டு வருஷமா மாசம் தவறாம சர்க்கரை வாங்கியிருக்கீங்கம்மா. உங்களுக்கு நீரிழிவு வரும். கொடுக்கக் கூடாது.”

“எங்க வீட்டுல காபிக்கே கருப்பட்டிதான் சார். எதிர்வீட்டு அம்சவேணி அக்கா கார்டுக்குப் பொருள் கெடையாதுன்னு, வாங்கி அவங்களுக்குக் குடுத்துடுவேன். ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?”

“வாங்கினவங்கதான் தின்னிருப்பாங்கன்னு ஆராய்ச்சி சொல்லுது.”

“என் ரத்தப் பரிசோதனை உங்க மேஜையிலதானே கிடக்கு?”

“அது ஒருத்தரோட ரத்தம். இது எட்டுக் கோடிப் பேரோட பதிவு.”

அவர் குரலில் பெருமை வழிந்தது. சிகாமணிக்கு மூன்று மாதம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“கவலைப்படாதீங்க. உங்க தெருவிலேயே தகுதியான ஒருத்தரை இதுவே காட்டுது. ஒரு கிலோ சர்க்கரை வாங்கினதில்லை, அரசு ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்லை. பேரு அம்சவேணி.”

மரகதவல்லி எழுந்து கதவை அகலத் திறந்தாள். துணைக்கு வந்திருந்த அம்சவேணி, சர்க்கரை நோயில் ஒரு காலைத் தனியார் ஆஸ்பத்திரியில் இழந்தவள், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தேன்மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள்.

“அவங்கதான் சார். உங்க எட்டுக் கோடிப் பேரையும் கூட்டிக்கிட்டு நீங்களே வெளிய வாங்க. அவங்களால எழுந்து வர முடியாது.”