உயிருள்ள பல்

அறையில் நாலு பேர் இருந்தார்கள். கிளினிக்கின் சொந்தக்காரரான பெரிய டாக்டர், அவரிடம் சம்பளத்துக்கு இருந்த சின்ன டாக்டரம்மா, கருவிகளை எடுத்துக் கொடுக்கும், பெரிய டாக்டரின் அக்கா மகள், நாற்காலியில் கன்னத்தைப் பிடித்தபடி சாய்ந்திருந்த ஒருவர்.

“ரூட் கெனால் பண்ணிடுங்க டாக்டரம்மா. பல்வலின்னு வந்தவரைச் சும்மா அனுப்ப இது என்ன பஸ் ஸ்டாண்டா?” என்றார் பெரியவர். போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

சின்ன டாக்டருக்குக் காலையிலிருந்தே கை ஓடவில்லை. போன வாரம் அவள் நரம்பெடுத்த ஓர் அம்மா, மகனோடு வந்து வாசலில் கத்திவிட்டுப் போயிருந்தாள். கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறார்களாம்.

“எந்தப் பல் சார்?”

“இடது கீழ் ஆறாவது.”

மற்றவர்கள் வாய்க்குள் விரலை விட்டு ‘இங்க’ என்பார்கள். நாலு இடம் அலைந்து நொந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பல்லைத் தட்டினாள், வலிக்கவில்லை. குளிர்ந்த பஞ்சை வைத்தாள். கூசியது, எடுத்ததும் நின்றது. எக்ஸ்ரேயில் வேர் பழுதில்லாமல் இருந்தது.

“உயிருள்ள பல் சார். ஈறுதான் லேசா வீங்கியிருக்கு, சுத்தம் பண்ணினா போதும். பெரியவர் என்ன சொன்னாலும் தோண்ட விடாதீங்க.”

அவர் அவளையே பார்த்தார். “நல்ல பல்லைத் தோண்டினதும் உண்டா?”

இத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வி. அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டது.

“போன வாரம் ஒரு அம்மாவுக்கு. நான்தான் செஞ்சேன். ஊசி ஒடிஞ்சு வேருக்குள்ளயே தங்கிடுச்சு. வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன், பெரியவர் விடல. இப்ப தனியா மாட்டிக்கிட்டு முழிக்கிறேன் சார்.”

அக்கா மகள் சத்தமில்லாமல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் திரும்பி வந்தார்.

“ரூட் கெனால் தேவையில்ல சார்.” வேலைக்குச் சேர்ந்த பிறகு அவரிடம் அவள் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கோபப்படவில்லை. “கேட்டியாம்மா?” என்றார் அக்கா மகளிடம்.

“கேட்டேன் மாமா. அந்தம்மாவுக்கு இவங்கதான் செஞ்சாங்களாம். ஊசியும் இவங்க கையிலதான் ஒடிஞ்சுதாம்.”

“அப்ப கேஸையும் இவங்களே பாத்துக்கட்டும். பின்பக்கமா அனுப்பிட்டுக் கதவைப் பூட்டு.”

“நீங்க சொல்லித்தான்னும் சொன்னேனே.” அவள் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். “சார், நீங்க கேட்டீங்கல்ல?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், பயந்துவிட்டார்.

அக்கா மகள் சின்ன டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வாங்கி நாற்காலிக் கைப்பிடியில் போட்டாள். பின்கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது.

சின்ன டாக்டர் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே ஒரு மனுஷனாவது முழுசாகக் கேட்டிருக்கிறார். வெளியே வந்ததும் காலில் விழுந்தாவது சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். அது ஒன்றுதான் மிச்சம்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் அந்த மனுஷனின் குரல் தெளிவாகக் கேட்டது.

“கோட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கு சார். பரவால்ல, அடுத்த பேஷண்ட்டை வரச் சொல்லுங்க.”