இரண்டாவது சோடா

அறைந்தவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அறை வாங்கிய டாக்டர் எழில்மொழி நின்றுகொண்டிருந்தாள்.

மாடி அறையில் இருந்த அந்த நாற்காலி ஆஸ்பத்திரி மேனேஜர் செல்வநாதனுடையது. அவரே எழுந்து, கைக்குட்டையால் தட்டிவிட்டு, "உக்காருங்க தலைவரே" என்று கொடுத்திருந்தார். அவருக்கு வைத்தியம் தெரியாது. யார் வந்தால் எழ வேண்டும் என்பது தெரியும். திருவொற்றியூரில் ஆஸ்பத்திரி நடத்த அது போதும்.

தலைவர் கோதண்டத்தின் ராஜ்ஜியம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட். லோடு ஏற்றுவதும் இறக்குவதும் அவர் ஆட்கள். அவர்களில் டில்லிபாபு என்பவனின் சுண்டுவிரலைத் தகடு கிழித்துவிட்டதென்று சற்று முன் ஒரு வேன் நிறைய ஆட்களோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்திருந்தார்.

ஒரு சுண்டுவிரலுக்கு ஒரு வேன்.

டில்லிபாபு போட்ட கூச்சலில், பக்கத்துக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்கூடத் தன் கஷ்டத்தை மறந்து திரும்பிப் பார்த்தார்.

கத்துகிறவன் காத்திருக்கலாம். அந்தப் பிரிவில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. எழில்மொழி அவன் விரலில் பஞ்சை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். கோதண்டத்திடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

அறை விழுந்தது. மூக்குக் கண்ணாடி கட்டிலுக்கடியில் போயிற்று.

வேனில் வந்த ஆட்கள் கைதட்டினார்கள். ஒருவன் விசிலும் அடித்தான்.

இப்போது அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று செல்வநாதன் வராந்தாவிலேயே சொல்லிவிட்டார். வியாசர்பாடியிலிருந்து வாரம் தவறாமல் வரும் அவள் அப்பாவுக்கு ஊழியர் சலுகையில் டயாலிசிஸ் நடப்பதும் இதே ஆஸ்பத்திரியில்தான். அதையும் அக்கறையாக ஞாபகப்படுத்தினார்.

"அந்த நர்சம்மா அண்ணனாண்ட இன்னா பேச்சு பேசிச்சு தெரியுமா சார்?" டில்லிபாபு கட்டுப்போட்ட விரலைக் கொடிபோல் தூக்கிப் பிடித்திருந்தான். "அத்தினி பேர் பாத்துகினு இருக்கசொல்லோ மானத்த வாங்கிச்சு!"

அவள் டாக்டர் என்று அங்கே யாரும் அவனைத் திருத்தவில்லை. அறை வாங்கிய கையோடு அவன் விரலைத் தைத்தபோது அவளே இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

கோதண்டம் பெருந்தன்மையோடு கையசைத்தார். "வுடு நைனா. பொம்பள. ஒரு சாரி சொல்லிட்டுப் போவட்டும்." பிறகு காலிப் பாட்டிலை மேசைமேல் வைத்தார். "காலீல துன்ன போண்டா எதுக்களிக்குது. இன்னொரு சோடா சொல்லு."

சோடா வாங்க ஒருவன் ஓடினான். அறைக்குள் ஃபேன் அவர் பக்கமே திருப்பப்பட்டிருந்தது. அப்படியும் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

எழில்மொழி வாயைத் திறந்தாள். "சார், நான் சொன்னது..."

"விளக்கம் வேணாம்மா. சாரி மட்டும்."

சாரி சொல்வது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. குடித்துவிட்டு வருகிறவர்களிடமும், குடிக்காமலே உளறுகிறவர்களிடமும் தினம் சொல்கிற சொல்தான். சொன்னால் வேலை நிலைக்கும். அப்பா ஞாயிற்றுக்கிழமை அதே கட்டிலில் படுப்பார். இந்த ஆள் எழுந்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, மாடிப்படி இறங்கி, வேனில் ஏறிப் போய்விடுவார். அதன்பிறகு அவர் பாடு.

கன்னம் எரிந்தது. அவர் படியிறங்கிப் போகும் காட்சி அவளுக்கு ஒரு கணம் இனித்தது.

இரண்டாவது சோடா வந்தது. கோதண்டம் ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். ஏப்பம் வரவில்லை. இடது கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

கத்தாதவனை முதலில் பார். அந்தப் பாடத்தின் மீதி அது.

"சொல்லும்மா" என்றார் செல்வநாதன். "தலைவர் காத்துக்கிட்டிருக்கார்ல?"

அவள் சொன்னாள். கீழே சொன்ன அதே சொற்களை, அதே தாழ்ந்த குரலில்.

"ஐயா, உங்களுக்கு வேர்க்கிறது சரியாப் படலை. மாரடைப்பா இருக்கலாம். அப்படியே படுங்க, உடனே ஈசிஜி எடுக்கணும்."

டில்லிபாபு துள்ளி எழுந்தான். "பாத்தியா சார்! மறுபடியும் அதையே சொல்லுது! எங்கண்ணனப் போயி சீக்காளின்னுது!"

கோதண்டத்தின் முகம் கறுத்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, கையை ஓங்கினார்.

கை பாதிவரைதான் வந்தது.