எடுக்கப்படாத பேனா

1911 ஜனவரி 12, பிற்பகல் மூன்று மணி. இஸ்மிர் துறைமுகத்தின்மீது மழை தூறிக்கொண்டிருந்தது. மூழ்கிய கப்பலோடு போன கணவனின் உடல் கிடைக்காததால், ஏழாண்டுகளாக மனைவியுமன்றிக் கைம்பெண்ணுமன்றி வாழ்ந்த லூனா, யூத மதமன்றத்தின் மேசைமுன் நின்றாள். அவளுடைய மறுமணத்துக்கு இசைவளிக்கும் தீர்ப்பில் மூன்று நீதிபதிகள் ஒப்பமிட வேண்டும். இருவர் இட்டுவிட்டனர். மூன்றாமவரான நிசிம் தம் பெயரைச் சொலித்ரேயோ என்னும் எபிரேயக் கூட்டெழுத்தில் எழுதத் தொடங்கினார். எழுத்தோடு எழுத்தைக் கோத்துச் செல்லும் அந்தக் கையெழுத்தில், பெயர் முடியுமுன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டால் ஒப்பம் செல்லாது என்பது அம்மன்றத்தின் வழக்கம். பெயரின் நடுவில் அவர் கை நின்றது.

"அவன் திரும்பி வந்துட்டா, உனக்குப் பொறக்கிற பிள்ளைங்க கதி என்னம்மா?"

லூனா பேனா முள்ளையே பார்த்தாள். அதன் அடியில் மை ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

"ஏழு வருஷமா கடல்கிட்ட நானும் அதைத்தான் கேக்கறேன், ஐயா. அது பதில் சொல்லல."

"மை குளமாகுது, நிசிம்," என்றார் பக்கத்திலிருந்த நீதிபதி பெக்கோர். "உனக்கு நீந்தத் தெரியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரே தலைகுனிந்துகொண்டார்.

பேனா மேலெழவில்லை. மைத்திட்டிலிருந்து மெல்ல நகர்ந்து, எஞ்சிய எழுத்துகளைக் கோத்து, ஒரு நீண்ட சுழியில் முடிந்தது. நிசிம் தாளை இரு கைகளாலும் நீட்டினார். ஈர மை கலையாதபடி லூனா அதை விளிம்பில் பிடித்து வாங்கிக்கொண்டாள்.