உளுந்தின் மேல் ஓடிய கார்

ஒன்றரைக் கோடி ரூபாய் கார், ரோட்டில் பரப்பியிருந்த உளுந்துச் செடிகளின் மேல் ஏறிப் போனது. போனதோடு நிற்கவில்லை. ரிவர்ஸில் வந்து மறுபடியும் ஏறியது.

தூரத்தில் தன் காரை ஓரங்கட்டிவிட்டு, செழியன் அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஓட்டுடா பரிதி, நல்லா ஓட்டு. இன்னைக்கு இருக்கு உனக்கு" என்று பல்லைக் கடித்தான்.

இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். இப்போது இருவருமே யூடியூபில் கார்களைப் பற்றிப் பேசுகிறவர்கள். செழியன் சேனலுக்கு நாற்பதாயிரம் பேர். பரிதிக்கு ஒன்பதாயிரம்தான். ஆனாலும் திருச்சி ஷோரூம்காரர்கள் புதிதாக வந்த ஸ்போர்ட்ஸ் காரை, ஓட்டிப் பார்த்து விமர்சனம் செய்யச் சொல்லிப் பரிதியிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் உள்ளதை உள்ளபடி பேசுகிறானாம். மூன்று மாதமாக மெயில் மேல் மெயில் போட்டுக் கெஞ்சியவன் செழியன்.

நேற்று பரிதி போட்ட முதல் பாகத்தை அவன் ஏழு தடவை பார்த்தான். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. எட்டு சிலிண்டர் எஞ்சின். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலே வினாடி. நீண்ட தூரம் போனால் சீட்டே முதுகுக்கு மசாஜ் செய்துவிடும். எல்லாம் செழியனுக்கு மனப்பாடம். வயிறு எரிய எரிய மனப்பாடம்.

"நாலு செகண்டுல நூறு போற வண்டிய மாட்டு வண்டி மாதிரி உருட்டுறான் பாரு. இவன் கையில போயி குடுத்தானுவோ" என்று முணுமுணுத்தான்.

பரிதி ஒவ்வொரு தடவையும் இறங்கி, குனிந்து, காருக்கு அடியில் சிக்கிய சருகைக் கையால் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நடை ஓட்டினான்.

காய்ந்த உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி வைத்தால், போகிற வருகிற வண்டிகள் ஏறி, காய் வெடித்து உளுந்து உதிரும் என்பது நன்னிலம் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். செழியனுக்குத் தெரியாதா? ஆனால் சென்னையில் உட்கார்ந்து போனைத் தடவுகிறவர்களுக்குத் தெரியாது. அது போதும் அவனுக்கு. அறுப்புக் காலத்தில் ரோடு நெடுக ஆளாளுக்குப் பரப்பியிருப்பார்கள்; இது யார் வீட்டு உளுந்து என்றுகூட அவன் பார்க்கவில்லை.

'டெல்டா விவசாயி' என்று ஒரு புதுக் கணக்கைத் திறந்தான். வயலில் கால் வைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. பரிதி இறங்கிக் குனிந்ததை எல்லாம் வெட்டினான். மிச்சத்துக்கு மேல், 'ஏழை வயிற்றில் அடிக்கும் பணத்திமிர்' என்று எழுதிப் போட்டான்.

மத்தியானத்துக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். வண்டி வண்டியாய்ச் சாபம். ஒன்று விடாமல் படித்தான். சோறு கூட இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

துக்கம் விசாரிக்கிற குரலில் பரிதிக்குப் போன் போட்டான்.

"என்னடா இப்புடி ஆயிப்போச்சு? அவங்க கேட்டுத்தான் ஓட்டுனேன்னு சொல்ல வேண்டியதுதான? உளுந்துக்காரங்களையே பேச வெச்சிடலாம்டா."

"வேண்டாம்டா" என்றான் பரிதி. "அவங்கள எதுக்கு இதுல இழுக்கணும்? போனா போவுது, விடு."

நாலு மணிக்கு ஷோரூமிலிருந்து ஹுமைரா கூப்பிட்டாள்.

"செழியன் சார், அந்த வீடியோ பாத்திருப்பீங்க. பரிதி சார்கிட்டேருந்து வண்டிய வாங்கிட்டோம். நாளைக்கு நீங்க எடுத்து ரிவ்யூ பண்ணித் தர முடியுமா?"

"பாவங்க அவன். என் ஃப்ரெண்டு. இருந்தாலும் நீங்க கேக்குறீங்க, பண்ணித் தர்றேன்."

வீட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டே வந்தான். வாசலில் அவன் அம்மா காளியம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நாளைக்கு நம்ம வாசல்ல ஒன்றரைக் கோடி ரூவா கார் நிக்கப்போவுது."

"எது, ரெண்டே கதவு வெச்சு, தரையில ஒட்டிக்கிட்டுப் போவுமே, அதுவா?"

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"இந்த உளுந்து பூராவும் அதுலதான உதுந்துச்சு." அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு நாளா ஒன்னக் கேட்டேன். வண்டியில கீறல் விழுந்துரும்ன. பைபாஸ் போட்டதுலேருந்து நம்ம ரோட்டுல வண்டி நடமாட்டமும் இல்ல. காலையில பரிதிப் புள்ள அந்தப் பக்கம் வந்துச்சு. வாய்விட்டுக் கேட்டுட்டேன். 'நீங்க வெயில்ல நிக்காதீங்கம்மா, வீட்டுக்குப் போயி கஞ்சி குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்'னுச்சு. வந்து பாத்தா அம்புட்டும் உதுந்து கெடக்கு."

செழியன் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

"இப்பத்தான் வந்துட்டுப் போச்சு. வண்டியப் புடுங்கிட்டாங்களாம்டா. நான் வந்து அவங்ககிட்ட பேசுறேன்னேன். 'வேண்டாம்மா, உங்க உளுந்துன்னு தெரிஞ்சா, கார் சேனல் நடத்துறவன் அம்மா ஊரான் வண்டிக்குக் காத்துக் கெடந்தாங்களான்னு செழியனக் கிழிச்சிருவாங்க'ன்னு சொல்லிட்டுது."

காளியம்மாள் முறத்தைக் கீழே வைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எவனோ வயித்தெரிச்சல் புடிச்ச பய மறைஞ்சு நின்னு படம் எடுத்துருக்கான். நீ பேசுனா நாப்பதாயிரம் பேரு கேப்பாங்கல்ல? அந்தப் பயல நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டு ஒரு வீடியோ போடுடா, தம்பி."