எட்டாவதுக்கு மேலே

துவாலுவின் அந்தச் சிறு தீவில் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேறு தீவுக்குக் கப்பல் ஏறவேண்டும்.

"லிலீனாவைக் கப்பல் ஏத்தமாட்டேன். எட்டு வருஷம் படிச்சது போதும்," என்றான் ஃபலானி.

"பள்ளிப் படிப்பு பதிமூணு வருஷத்தையும் முடிப்பா." அவன் மனைவி மெலே தலைமாலை கட்டிக்கொண்டிருந்தாள். கடல் கடப்பவர்களுக்குச் சூட்டும் மாலை.

"பெத்த பொண்ணைப் பிரிஞ்சு இருந்துடுவியா? கல்நெஞ்சுக்காரி!"

"மீன் கருகுது, அதைப் பாரு."

கப்பல் பவளப்பாறைக்கு அப்பால் நின்றது. படகு கரைக்கு வந்தது. ஃபலானி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

புத்தகப் பெட்டியோடு ஓர் இளம்பெண் இறங்கினாள். மெலே மாலையை அவள் தலையில் சூட்டினாள்.

"ஒன்பதாவதுக்கு டீச்சர். சர்க்காருக்கு ஏழு மனு போட்டேன்," என்றாள் மெலே.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"வருவாங்களான்னு தெரியாம எப்படிச் சொல்ல? பொண்ணு கையை விடு, பெட்டியைத் தூக்கட்டும்."