பவளத்தின் படம்

பேச்சைப் பறிக்கப்போகும் தொண்டை அறுவை சிகிச்சைக்கு முன் தங்கராசு தன் குரலைப் பதிவுசெய்து கொடுத்திருந்தார். போன் திரையில் ஒரு படத்தைத் தொட்டால் அந்தக் குரலே பேசும்படி நிறைமதி ஒரு செயலி எழுதினாள், எல்லா வகை போனுக்கும் ஒரே நிரலாக. போன் தன் இயங்குதளத்தைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் படங்கள் அப்படியே இருந்தன, குரல்தான் வரவில்லை. மனைவி பவளத்தோடு அவர் நிறைமதியின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலைண்ணே. செயலியைக் கீழ இருந்து ஓட்டுறதைப் போன் கம்பெனிக்காரங்க மாத்திட்டாங்க. சரிபண்ண நாளாகும்" என்றாள் நிறைமதி.

அவர் கேட்காதவர்போலத் தம்ளர் படத்தை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். சோதனைக்காகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தக் குரல் மனப்பாடம். தன்னையறியாமல் அதே இழுப்போடு சொன்னாள்: "கொஞ்சம் தண்ணி தாயேன்."

அவர் முகம் மலர்ந்தது. விசிறியை அழுத்தினார். "என்னா புழுக்கம்!" என்றாள். சோற்றுத் தட்டைத் தொட்டார். "உப்பு பத்தலையே." சன்னலோரம் உட்கார்ந்திருந்த பவளம் சிரித்துவிட்டாள்.

கடைசியாக இருந்தது பவளத்தின் படம். அவர் நிறைமதியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மெல்ல அழுத்தினார்.

"கிட்ட வந்து உக்காரு புள்ள."

பவளம் எழுந்து வந்தாள். இருவருக்கும் நடுவே, யார் பக்கத்தில் உட்காருவதென்று தெரியாமல் நின்றாள்.