நாலு மணி பஸ்

மலையடிப் பள்ளிக்கூடத்துல ஒரு கால் ஆடுற நாற்காலியும், சுவத்துல ஒரு பல்லியும் இருந்துச்சுங்க. எந்த வாத்தியார் வந்தாலும் பையை நாற்காலி முதுகுலதான் மாட்டுவாங்க. நாலு மணிக்குக் கடைசி பஸ் ஹாரன் அடிச்சதும் எடுத்துக்கிட்டு ஓடுவாங்க. கொஞ்ச நாள்ல மாறுதல் வாங்கிட்டு ஒரேயடியாப் போயிருவாங்க.

இப்ப அருள்மேரி டீச்சர் வந்திருக்காங்க. இவங்களும் போயிட்டா பள்ளிக்கூடத்தையே பூட்டிருவாங்கன்னு நாற்காலிக்குப் பயம்.

"இச்! இவங்களும் போயிருவாங்க"ன்னுச்சு பல்லி. போன வாத்தியாரு குரல்லயே, "தண்ணி ஒத்துக்கல சார், மாமியாருக்கு முட்டிவலி சார்"னு இழுத்துக் காட்டுச்சு.

"வாயக் கழுவுடா! நீ சொன்னாப் பலிச்சுத் தொலைக்கும்"னுச்சு நாற்காலி.

ஹாரன் அடிச்சுச்சு. டீச்சர் முன்னால மயிலுப் புள்ள அன்னிக்குத்தான் முதமுதலா எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டிருந்தா. டீச்சர் எந்திரிச்சு வாசலுக்குப் போனாங்க. நாற்காலிக்கு நாலு காலும் நடுங்குச்சு.

"டீச்சர், இதான் கடைசி பஸ்!"னாரு டிரைவர்.

"தெரியும்ணே, நீங்க போங்க. மயிலு வீட்டுல தங்கிக்கிறேன்."

திரும்பி வந்து உக்காந்தாங்க. "ம், படி கண்ணு. அப்புறம்?"

டிரைவர் ஹாரன் அடிக்க மறந்து, பஸ்ஸ மெல்ல உருட்டிக்கிட்டுப் போனாரு. நாற்காலியோட ஆடுற கால்கூட ஆடாம நின்னுச்சு. 'இச்'சுன்னு சொல்லப் பல்லி வாயத் தெறந்துச்சு. பொத்துனு வால்தான் விழுந்துச்சு.